பையனைப் பைப் வேலைக்கு விடலாமா?

பிளஸ் டூ முடித்த மகன் காலேஜ் வேண்டாம், உங்களோடு பிளம்பிங் வேலைக்கே வருகிறேன் என்று நிற்கிறான், வீட்டில் அவன் அம்மா கூடவே கூடாது என்கிறார், மற்ற பிளம்பர்கள் தங்கள் பிள்ளைகளை இதில் விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. நான் திருச்சியில் 1989-லிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் ஃபெயிலாகி, பதினாறு வயதில் ஹெல்பராகப் போனவன். எனக்கு ஒரு மகள், ஒரு மகன். உங்கள் வீட்டில் இப்போது நடக்கிற பேச்சு எங்கள் வீட்டிலும் இரண்டு வருடம் நடந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காலையில் எட்டரை மணிக்கு ஹார்டுவேர் கடை வாசலில் சாமான் எடுக்க நிற்கிற பிளம்பர்களில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் "இந்த வேலை என்னோட போகட்டும், பிள்ளைக்கு வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். இத்தனை வருடத்தில் இந்த ஒரே வார்த்தையை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டேன் என்று கணக்கே இல்லை. ஆனால் அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மோட்டார் ரிப்பேருக்குப் போகும்போது வண்டியின் பின்னால் பையனை உட்கார வைத்துக்கொண்டு போவார், பையன் பைப் ரெஞ்சைச் சரியாகப் பிடித்தால் அன்று முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார். எனவே "வேண்டாம்" என்று சொல்கிறவர்கள் எதை வேண்டாம் என்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பைப்பை அல்ல, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்றைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு பெரிய வீட்டில் நான்கு பாத்ரூம் வேலை. இருபத்திரண்டு நாள் செய்தோம். கடைசி நாள் எல்லா டாய்லெட்டையும் மாட்டி, ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் விட்டு, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, தரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டோம். என் ஹெல்பர் பையனுக்கு அவசரம், அந்த வீட்டம்மாவிடம் போய்க் கேட்டான். அவர் கோபமெல்லாம் படவில்லை, சாதாரணமாகவே பின்பக்கக் காலி மனையைக் கையால் காட்டினார். பையன் என்னைப் பார்த்தான். நான் அவன் கையில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொடுத்து அனுப்பினேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போது என் மகனுக்கு நான்கு வயது.

இதுதான் அந்த "வேண்டாம்" வருகிற இடம். இன்றைக்கு அபார்ட்மென்டுகளில் சர்வீஸ் லிப்டில் போ என்பதும், டீயை பேப்பர் கப்பில் கொடுத்து வெளியில் வைத்துவிட்டுப் போவதும், பெண் பார்க்கப் போகிற இடத்தில் "மாப்பிள்ளை என்ன பண்றார்" என்று கேட்டதும் நம் ஆட்களே "கான்ட்ராக்ட் எடுத்துப் பண்றார்" என்று வார்த்தையை மாற்றிச் சொல்வதும் எல்லாம் இதே கதைதான்.

காசு விஷயத்துக்கு வருவோம். எங்கள் பக்கம் இன்று அனுபவமுள்ள பிளம்பருக்கு நாள் கூலி 1,000 ரூபாயை ஒட்டி இருக்கிறது, நல்ல கைக்கு அதற்கு மேலும் கிடைக்கிறது, ஹெல்பருக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. பாத்ரூமுக்கு இவ்வளவு என்று பேசி எடுத்தால் கூடுதலாக நிற்கும். இன்ஜினியரிங் முடித்துவிட்டுக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக மாதம் 16,000, 18,000 வாங்குகிற பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள், அதோடு ஒப்பிட்டால் இது குறைந்த வருமானம் இல்லை. ஆனால் மாதச் சம்பளம் மாதாமாதம் வரும், நம்முடையது அப்படி வராது. ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள், புது வேலையும் தொடங்க மாட்டார்கள். அப்புறம் ஆவணி முகூர்த்தத்துக்கும் தை முகூர்த்தத்துக்கும் எல்லா வீட்டுக்காரரும் ஒரே சமயத்தில் கழுத்தைப் பிடிப்பார்கள். கொத்தனார், டைல்ஸ்காரர், பெயின்டர் எல்லோரும் தாமதம் செய்த நாட்களைக் கடைசியாக வருகிற பிளம்பர்தான் ராத்திரி கண் விழித்து ஈடுகட்ட வேண்டும். பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வாஷ் பேசின் மாட்டாத பிளம்பர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அதைவிட மோசம் செட்டில்மென்ட். வேலை முடிந்த பிறகு கடைசியாக நிற்கிற பத்தாயிரம் இருபதாயிரத்துக்கு எத்தனை நடை நடக்கிறோம். ஒரு பில்டரிடம் எனக்கு 2011-ல் நின்றுபோன பணம் இன்னும் வரவில்லை, இனி வரவும் வராது. எழுத்தில் எதுவும் வாங்காமல் வாய்ப்பேச்சில் வேலை எடுத்தது என் தலைமுறையின் பழக்கம். நான் அந்தப் பழக்கத்தோடு என் மகனை உள்ளே விடத் தயாராக இல்லை.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கே தெரியும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தே முட்டி போகும். சீலிங்குக்கு மேல் கை தூக்கி வேலை செய்தே தோள் போகும். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: கட்டர் மெஷினால் சுவரில் காடி வெட்டும்போது வருகிற தூசி. அந்தக் காலத்தில் உளி சுத்தியலால் கொத்தினோம், நேரம் அதிகம், தூசி குறைவு. மெஷின் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் படிந்தால் திரும்ப வெளியில் வராது. பையன் வேலைக்கு வந்தால் முதல் நாளே நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், கைக்குட்டை கட்டுவதெல்லாம் வேண்டாம்.

அடுத்ததை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். செப்டிக் டேங்க். "பிளம்பர்தானே, கொஞ்சம் இறங்கி அந்த அடைப்பைப் பார்த்துவிடுங்கள்" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். இறங்கவே கூடாது, யாருக்காகவும் கூடாது, எவ்வளவு கொடுத்தாலும் கூடாது. அதற்குள் இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை வாசம் அடிக்கும், அளவு கூடக்கூட மூக்கு மரத்துப்போய் வாசமே தெரியாது. வாசம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற அந்த நேரம்தான் ஆளைக் கொல்கிற நேரம். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போன அடுத்தவரும் விழுந்து, ஒரே டேங்கில் இரண்டு மூன்று பேர் போவதைப் பேப்பரில் படித்துக்கொண்டே இருக்கிறோம். 2013-ல் வந்த சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஆளை செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ இறக்குவது குற்றம். இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. சட்டம் இருந்தும் நடக்கிறது. யாரை இறக்குகிறார்கள், எந்தச் சாதி ஆட்களைத் தேடிப் பிடித்து இறக்குகிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பிளம்பிங் வேலையில் கிடைக்கிற அவமரியாதையின் வேர் பாதி அங்கேதான் இருக்கிறது, மலத்தோடு சம்பந்தப்பட்ட எதையும் கீழான வேலை என்று நினைக்கிற புத்தி. உங்கள் வீட்டம்மா அழுகிறார் என்றால் அவர் பயப்படுவது இதற்காகவும் இருக்கலாம். அவரை உட்கார வைத்து, நம் பையன் டேங்கில் இறங்க மாட்டான், லாரியும் மெஷினும் வைத்துத்தான் எடுக்கச் சொல்வான் என்று சத்தியம் செய்து கொடுங்கள். அதை உங்களிடமிருந்தே தொடங்குங்கள்.

அப்பன் தொழிலைப் பிள்ளை செய்வது என்ற பேச்சை எடுத்தாலே நம் ஊரில் குலக்கல்வி நினைவுக்கு வராமல் இருக்காது. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றவர் தொழிலைக் கற்றுக்கொள்வது என்று திட்டம் கொண்டுவந்தார். பெரியார் எதிர்த்தார், திமுக எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி போய் காமராஜர் வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார்கள். எழுபது வருடம் கழித்து, 2024-ல், கைவினைத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை இப்போதைய வடிவில் ஏற்க மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு சொன்னதும் ஏறக்குறைய இதே காரணத்துக்காகத்தான், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுக்கச் சொன்னார்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்கச் சொன்னார்கள். என் அப்பா பத்து வருடம் பள்ளிக்கூடம் அனுப்பினாரே, அது அந்தச் சண்டையில் கிடைத்தது என்று நான் நம்புகிறேன். அதனால் "என் மகன் என் வேலைக்குத்தான் வர வேண்டும்" என்று எந்தப் பிளம்பராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது.

ஆனால் பிளம்பிங் யாருக்கும் குலத்தொழில் கிடையாது. குயவருக்கும் தச்சருக்கும் இருக்கிற மாதிரி தலைமுறை தலைமுறையாக வந்த வேலை இல்லை இது. செங்குன்றம் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்ததே 1872-ல், கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையம் 1914-ல். குழாய் வீட்டுக்குள் வந்த பிறகு வந்த வேலை. என்னோடு கற்றுக்கொண்டவர்களில் விவசாயி மகன் உண்டு, பீடி சுற்றுகிறவர் மகன் உண்டு, பூசாரி மகன்கூட உண்டு. எவனும் அப்பாவிடம் கற்றுக்கொண்டு வரவில்லை. இரண்டாவது தலைமுறை வரலாமா என்ற கேள்வியே இப்போதுதான் நமக்கு முதல் தடவையாக வருகிறது.

பிள்ளைகள் வரிசையாக இதே தொழிலுக்கு வருகிற ஊரும் இருக்கிறது. ஒடிசாவில் கேந்திரபாரா மாவட்டம், பட்டாமுண்டை பக்கம். பெரிய அபார்ட்மென்ட் வேலைகளில் கூட்டமாக வருகிறார்களே, அவர்களிடம் ஊரைக் கேட்டுப் பாருங்கள், நிறையப் பேர் அந்தப் பக்கம்தான். அங்கே அப்பா பிளம்பர், சித்தப்பா பிளம்பர், மாமா பிளம்பர், இந்தியாவில் எந்த ஊருக்குப் போனாலும் தங்க ஓர் இடம் கிடைக்கும். பிளம்பிங்குக்கென்றே அரசுப் பயிற்சி நிலையமும் பட்டாமுண்டையில் இருக்கிறது. நானும் ஒரு சைட்டில் அவர்களோடு எட்டு மாதம் இருந்தேன். அதில் ஒரு பெரியவர் தன் மகனைத் தன் கேங்கில் சேர்க்காமல் வேறொரு மேஸ்திரியிடம் விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். என்னிடம் இருந்தால் நான் திட்டுவேன், அவன் அம்மாவிடம் சொல்வான், வேலை கற்றுக்கொள்ள மாட்டான் என்றார். எனக்கு அது சுருக்கென்று பட்டது, பிறகு அதையே நான் செய்தேன்.

இப்போது என் மகன் கதை. பிளஸ் ஒன் லீவில் அவனாகவே வந்தான். ஒரு வீட்டில் சிபிவிசி என்கிற வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய் லைன் முழுவதும் போட்டு முடித்து, டைல்ஸ் ஒட்டும் முன் பிரஷர் டெஸ்ட் வைத்திருந்தோம். ஹேண்ட் பம்ப்பில் ஆறு கிலோ பிரஷர் ஏற்றி, சாயந்திரம் பூட்டிவிட்டுப் போனோம். காலையில் வந்து பார்த்தால் கேஜில் ஐந்துக்கும் கீழே நிற்கிறது. நான் ஜாயின்ட் ஜாயின்டாகப் பார்க்கிறேன், எங்கேயும் சொட்டு இல்லை. அவன் ஒன்றும் பேசாமல் சுவரோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு ஃபிட்டிங்கின் அடியிலும் விரலால் தடவிக்கொண்டே போனான். கீசர் பாயிண்டில் நிறுத்தி, "அப்பா, இங்க வேர்க்குது" என்றான். கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். பித்தளை மரை வைத்த எல்போ, அதாவது குழாயைத் திருப்புகிற வளைவு, அதில் டெஃப்லான் டேப்பை அளவுக்கு மேல் சுற்றி இறுக்கியிருந்ததில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், அதில் தண்ணீர் சொட்டாகக்கூட வராமல் வியர்வை மாதிரி பூத்திருந்தது. இறுக்கியது நான்தான். டைல்ஸுக்கு முன் அது ஓர் எல்போ விலை, பின்னாலென்றால் சுவரை உடைக்க வேண்டும், அதே டிசைன் டைல்ஸும் கிடைக்காது. தொழில் அவனிடம் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரிந்தது. அவன் சரியாகச் சொன்னான் என்பதைவிட, அவசரப்படாமல் விரலை வைத்துப் பார்த்தான் பாருங்கள், அதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

இந்த வேலையில் மூளைக்கு வேலை இல்லை என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் நம்மோடு நின்று பார்க்கட்டும். கழிவுக் குழாய்க்கு வாட்டம், அதாவது சரிவு, பத்து அடிக்கு மூன்று அங்குலம் என்றால், இருக்கிற உயரத்துக்குள் வெளியே இருக்கிற சேம்பர் தொட்டி வரை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், நடுவில் பீம் வரும். டேங்க் அடியிலிருந்து ஷவர் வரை ஒவ்வொரு மீட்டர் இறக்கத்துக்கும் 0.1 பார் பிரஷர்தான் கிடைக்கும், அதனால்தான் மேல்மாடி பாத்ரூமில் விலை உயர்ந்த ஷவரை மாட்டிவிட்டு, தண்ணீர் ஒழுகுகிற மாதிரி வருகிறது என்று வீட்டுக்காரர் நம்மைத் திட்டுகிறார். அவருக்கு அதை முன்கூட்டியே கணக்குப் போட்டுக் காட்டத் தெரிய வேண்டும். நான் வந்த காலத்தில் ஜிஐ என்கிற இரும்புப் பைப், டை என்கிற கருவி வைத்து மரை போட்டு, சணல் சுற்றி இறுக்குவோம். பிறகு பிவிசி வந்தது, வெந்நீருக்கு 93 டிகிரி வரை தாங்குகிற சிபிவிசி வந்தது, இப்போது பிரஷர் பம்ப், சோலார், கழிவுநீர் சுத்திகரிப்பு, தீயணைப்பு லைன் என்று போய்க்கொண்டே இருக்கிறது. இதையெல்லாம் என்னை மாதிரி பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டால் இருபது வருடம் ஆகும், படித்துவிட்டு வந்தால் ஐந்து வருடம்.

அதனால் என் மகனுக்கு நான் சொன்னது இதுதான்: வா, ஆனால் நான் வந்த வழியில் வராதே. ஐடிஐயில் பிளம்பர் டிரேடு ஒரு வருடப் படிப்பு, அதில் சேர்ந்தான். முடித்துவிட்டு நேராக என்னிடம் வரவில்லை, எனக்குத் தெரிந்த வேறொரு கான்ட்ராக்டரிடம் சென்னையில் அடுக்குமாடி வேலைக்குப் போனான். டிராயிங் பார்த்து வேலை செய்கிறான், மாதச் சம்பளம், பிஎஃப் பிடிக்கிறார்கள், ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விட மாட்டார்களாம். இருபத்து நான்கு வயதாகிறது, வெளிநாடு போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். அவன் அம்மாவுக்கு இன்னும் முழுச் சமாதானம் இல்லை, கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் அந்தக் குறை வெளியில் வந்துவிடும். என்னால் அதை மாற்ற முடியவில்லை.

உங்கள் கேள்வியில் மகனைப் பற்றி மட்டும்தான் இருந்தது, மகள் இருக்கிறாளா என்று தெரியவில்லை. என் மகள் சிவில் டிப்ளமோ படித்தவள். வீட்டில் நான் வேலையைப் பற்றிப் பேசிப் பேசியே அவளுக்கு எல்லா ஃபிட்டிங் பெயரும் தெரியும். இப்போது என் எஸ்டிமேட் எல்லாம் அவள்தான் போடுகிறாள், எழுத்தில் கையெழுத்து வாங்காமல் வேலையைத் தொடங்க விட மாட்டேன் என்கிறாள். அவள் வந்த பிறகு எனக்குச் செட்டில்மென்ட் நிற்பதே இல்லை. இவளைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு முன்பே தோன்றாமல் போனது பெரிய தப்பு.

உங்களுக்கு நான் சொல்வது. முதலில் இரண்டு மாதம் கூட்டிக்கொண்டு போங்கள். ஏசி ஷோரூம் வேலையாகப் பார்த்துக் கூட்டிப் போகாதீர்கள், அடைப்பு எடுக்கிற வேலை, மொட்டை மாடியில் வெயிலில் டேங்க் மாற்றுகிற வேலை எல்லாவற்றுக்கும் வரட்டும். பதினெட்டு ஆகவில்லை என்றால் உயரத்தில் கயிறு கட்டி இறக்குகிற வேலைக்கு மட்டும் விடாதீர்கள். வாரக் கடைசியில் ஹெல்பர் கூலியை எண்ணி அவன் கையில் கொடுங்கள், மகன்தானே என்று நிறுத்தாதீர்கள். வேலைக்கு வருகிற மகனை அப்பாவிடமிருந்து பிரிக்கிறது பெரும்பாலும் இந்தக் கூலிதான், நான்கு வீட்டில் பார்த்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்தும் வருகிறேன் என்றால் ஐடிஐயில் சேருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐடிஐ பையன்களுக்கும் உண்டு. நீங்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? 1994-லிருந்து இருக்கிற வாரியம், பிளம்பர்களும் பதியலாம், பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு, அறுபது வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. நான் பதிந்ததே நாற்பது வயதில்தான், நீங்கள் இந்த வாரமே போங்கள். அப்புறம், வளைகுடா பக்கம் போகிற ஆசை இருந்தால் அவன் பத்தாவது பாஸ் செய்திருப்பதே பெரிய பலம். பத்தாவது இல்லாமல் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும் என்ற முத்திரை விழும், நான் 1997-ல் போக முயன்றபோது அந்த அனுமதிக்கே ஏஜென்ட் தனியாகப் பணம் கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

இல்லை, இரண்டு மாதத்தில் வேண்டாம் என்று சொன்னால் சந்தோஷமாகக் காலேஜுக்கு அனுப்புங்கள், ஒரு வருடம் போனது என்று வருத்தப்படாதீர்கள். ஐடிஐ விண்ணப்பம் பொதுவாக மே, ஜூனில் திறப்பார்கள். அதற்குள் அவன் கையில் இரண்டு மாத வேலை இருக்கட்டும், மாஸ்க்கை மறக்காதீர்கள்.